சர்வரில் சேர்த்த இரண்டாம் ஐபி முகவரி வேலை செய்யவில்லையா? படிப்படியாகப் பழுது கண்டறியும் முழுமையான வழிகாட்டி

சர்வரின் நெட்வொர்க் கார்டில் ஓர் ஐபி முகவரி ஏற்கெனவே ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போது, அதே கார்டில் இரண்டாவதாக ஒன்றைச் சேர்ப்பது ஒரே கட்டளையில் முடிகிற வேலை. ஆனால் சேர்த்த முகவரியிலிருந்து பதில் வராதபோது, புதிதாக இந்தப் பணிக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஃபயர்வாலை நிறுத்துகிறார்கள், பிறகு நெட்வொர்க் சேவையை மறுதொடக்கம் செய்கிறார்கள், அதுவும் பலிக்காவிட்டால் சர்வரையே மறுதொடக்கம் செய்கிறார்கள். இவை மூன்றும் காரணத்தைக் காட்டித் தருவதில்லை. கண்டுபிடிக்க உதவியிருக்கும் தடயங்களையும் அழித்துவிடுகின்றன.

கீழே உள்ள வரிசை, கேபிளுக்கு அருகில் தொடங்கிச் செயலியை நோக்கி மேலே செல்கிறது. ஒரு படி சரியாக இருப்பதாக உறுதியாகும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். எடுத்துக்காட்டுகளில் முதன்மை முகவரி 192.0.2.10, சேர்க்கப்படும் முகவரி 192.0.2.20, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வாசலாக இருக்கும் ரூட்டர்) 192.0.2.1, கார்டின் பெயர் ஈத்0 என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் சர்வரே இங்கு முதன்மை. விண்டோஸ் வேறுபடும் இடத்தை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நெட்வொர்க் வழியாக அல்லாமல் சர்வருக்குள் நுழையும் வழி. டெல் சர்வரில் ஐடிராக், எச்பி சர்வரில் ஐஎல்ஓ, மெய்நிகர் சர்வர் என்றால் வழங்குநரின் கன்சோல். அதன் கடவுச்சொல் இன்று உண்மையில் வேலை செய்கிறதா என்று உள்ளே நுழைந்து பார்த்துவிட வேண்டும். ஒரு தவறான கட்டளையில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும்) இணைப்பு அறுந்துவிட்டால், தாம்பரத்தில் வீட்டில் இருப்பவர் நள்ளிரவில் சிறுசேரியில் உள்ள டேட்டா சென்டர் வரை போக வேண்டியிருக்கும்; போனாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ரேக் அருகே விடமாட்டார்கள்.

இரண்டாவது, முகவரியை ஒதுக்கியவரிடமிருந்து எழுத்தில் நான்கு விவரங்கள்: முகவரி, அதன் பிரிஃபிக்ஸ் நீளம் (எத்தனை முகவரிகள் ஒரே உள் நெட்வொர்க்கை, அதாவது சப்நெட்டை, சேர்ந்தவை என்று சொல்லும் எண்), கேட்வே, விஎல்ஏஎன் எண் (சுவிட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்கின் எண்). கூடவே ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். இந்த முகவரி நம் கார்டு இருக்கும் சப்நெட்டிலேயே இருக்கிறதா, அல்லது நம் முதன்மை முகவரியை நோக்கி ரூட் செய்து அனுப்பப்படுகிறதா? இந்த ஒரு பதிலைப் பொறுத்து 4, 5 ஆம் படிகளின் பொருளே மாறிவிடும் என்பதால்தான் இதை முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, சோதிக்க இரண்டு இடங்கள். ஒன்று அதே சப்நெட்டில் உள்ள வேறொரு இயந்திரம். மற்றொன்று முற்றிலும் வெளியே உள்ள இணைப்பு. அலுவலக வைஃபையிலிருந்து சோதித்தால், அலுவலகத்துக்கும் டேட்டா சென்டருக்கும் இடையே விபிஎன் ஏதேனும் இருந்து முடிவைப் பொய்யாக்கிவிடலாம். கைபேசியின் மொபைல் டேட்டாவே நல்லது.

இவற்றோடு, தற்போதைய முகவரிப் பட்டியல், ரூட் பட்டியல் (எந்த இடத்துக்கு எந்த வழி), ரூல் பட்டியல் (எந்த முகவரிக்கு எந்த ரூட் அட்டவணை) மூன்றையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளவும். பிறகு எது நாம் மாற்றியது, எது முன்பே இருந்தது என்ற குழப்பம் வராது.

2. முகவரி உண்மையில் கார்டில் இருக்கிறதா?

‘ஐபி அட்ரஸ் ஷோ’ கட்டளையால் பார்க்க வேண்டும். பழைய ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளையை இங்கு நம்பக்கூடாது. லேபிள் இல்லாமல் சேர்க்கப்பட்ட இரண்டாம் முகவரியை அது காட்டாது. முகவரி இருந்தும் இல்லை என்று முடிவு கட்டி, மீண்டும் மீண்டும் சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர் சிக்குவது இங்கேதான்.

முகவரி தெரிந்தால் அதன் பின்னால் உள்ள பிரிஃபிக்ஸ் எண்ணைப் படிக்கவும். பிரிஃபிக்ஸைக் குறிப்பிடாமல் ‘ஐபி அட்ரஸ் ஆட்’ கொடுத்தால், லினக்ஸ் அதை 32 என்று எடுத்துக்கொள்ளும். அதே சப்நெட்டில் 24 பிரிஃபிக்ஸுடன் முதன்மை முகவரி ஏற்கெனவே இருந்தால் 32 தீங்கு செய்யாது. ஆனால் முகவரி வேறொரு சப்நெட்டைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த சப்நெட்டுக்கான ரூட் உருவாகாமல் போய், அதன் கேட்வேயையே அடைய முடியாது. மாறாக, 24 இருக்க வேண்டிய இடத்தில் 16 என்று போட்டால், வெளியே இருக்கும் ஆயிரக்கணக்கான முகவரிகளைச் சர்வர் பக்கத்து வீடு என்று எண்ணி, கேட்வேயிடம் கொடுக்காமல் கேபிளிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

அந்த வரியில் ‘செகண்டரி’ என்ற சொல் இருந்தால் அஞ்ச வேண்டாம். அதே சப்நெட்டில் பிறகு வந்த முகவரி என்பதே அதன் பொருள். ஆனால் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது: முதன்மை முகவரியை நீக்கினால், அதே சப்நெட்டில் உள்ள எல்லா இரண்டாம் முகவரிகளும் கூடவே நீங்கிவிடும். ‘ப்ரமோட் செகண்டரீஸ்’ என்ற கெர்னல் (லினக்ஸின் உட்கரு) அமைப்பு 1 ஆக இருந்தால் மட்டுமே அடுத்த முகவரி முதன்மையாக உயரும். முகவரிகளின் வரிசையை மாற்ற எண்ணி முதன்மையை நீக்கப் போகிறவர்கள், இந்த எண்ணைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

எந்தக் கார்டில் சேர்த்தோம் என்பதும் முக்கியம். இரண்டு கார்டுகளை பாண்டாக இணைத்திருந்தால் முகவரி பாண்டின்மீது இருக்க வேண்டும். பிரிட்ஜ் (கார்டுகளை இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) இருந்தால் பிரிட்ஜின்மீது இருக்க வேண்டும். அவற்றுக்கு அடியில் உள்ள தனிக் கார்டில் சேர்த்த முகவரி பட்டியலில் அழகாகத் தெரியும், ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

3. மெய்நிகர் சர்வர் என்றால் முதலில் வழங்குநரின் பக்கம்

சொந்த இரும்புச் சர்வர் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். கிளவுடில் இருப்பவர்கள் தாண்டவே கூடாது.

கிளவுட் நெட்வொர்க், தனக்குத் தெரியாத முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் செல்லும் தகவல் துண்டை) ஓசையில்லாமல் கீழே போட்டுவிடும். சர்வருக்குள் முகவரியைச் சேர்ப்பது பாதி வேலைதான். மைக்ரோசாஃப்ட் அஸூரில் (அதன் தென்னிந்தியப் பிராந்தியம் சென்னையிலேயே இருக்கிறது) கார்டின் ஐபி கான்ஃபிகரேஷன் பட்டியலில் இரண்டாம் முகவரியை முதலில் சேர்த்து, பிறகு இயங்குதளத்துக்குள்ளும் சேர்க்க வேண்டும். அமேசானின் மும்பை, ஹைதராபாத் பிராந்தியங்களிலும் இதே முறைதான்: முதலில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் இரண்டாம் பிரைவேட் முகவரி, பிறகு அந்தக் குறிப்பிட்ட பிரைவேட் முகவரியோடு எலாஸ்டிக் ஐபியை (அமேசான் ஒதுக்கும் நிலையான பொது முகவரியை) இணைத்தல். எலாஸ்டிக் ஐபியையே சர்வருக்குள் சேர்க்க முயல்வது மிகப் பரவலான தவறு. அந்தப் பொது முகவரி சர்வரின் கார்டுக்கு ஒருபோதும் வந்து சேராது, வழியிலேயே பிரைவேட் முகவரியாக மாற்றப்பட்டுவிடும். ஓப்பன்ஸ்டாக்கில் இயங்கும் வழங்குநர்களிடம், போர்ட்டின் ‘அலௌட் அட்ரஸ் பேர்’ பட்டியலில் முகவரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

4. அதே முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா? பக்கத்து ரூட்டருக்கு நம்மைத் தெரியுமா?

ஒரு முகவரி சிறிது நேரம் வேலை செய்து, சிறிது நேரம் நின்று, காரணமின்றி மீண்டும் உயிர்பெற்றால், அதை இரண்டு இயந்திரங்கள் உரிமை கொண்டாடுகின்றனவா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஎச்சிபி (தானாக முகவரி வழங்கும் சேவை) வரம்புக்குள் இருக்கும் ஓர் எண்ணைக் கையால் எடுத்துப் போட்டது, பழைய சர்வரை அணைத்துவிட்டதாக நினைத்தது, மெய்நிகர் இயந்திரத்தை முகவரியோடு சேர்த்து நகலெடுத்தது ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

அதே சப்நெட்டில் உள்ள வேறொரு இயந்திரத்திலிருந்து ‘ஆர்பிங்’ கட்டளையால் 192.0.2.20 ஐக் கேட்கவும். வரும் பதில்களில் உள்ள மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் அடையாள எண்ணை) எழுத்து எழுத்தாக நம் கார்டின் மேக் முகவரியோடு ஒப்பிடவும். ஒரே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகளிலிருந்து பதில் வந்தால் பழுது கிடைத்துவிட்டது. அந்த மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் காட்டும். மற்றொன்று பிரிண்டரா, பழைய சர்வரா என்று தேட அதுவே போதும். முகவரியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வது இன்னும் நல்லது. அப்போது யாரும் பதில் சொல்லக்கூடாது.

முகவரியைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியிருந்தால் வேறொரு சிக்கல் உண்டு. ரூட்டர் தன் ஆர்ப் அட்டவணையில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியலில்) பழைய மேக் முகவரியையே வைத்திருக்கும். சிஸ்கோ ரூட்டர்களில் இதன் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். ‘ராத்திரி எதுவும் செய்யவில்லை, காலையில் தானாகச் சரியாகிவிட்டது’ என்று சொல்லப்படும் பல நிகழ்வுகளின் பின்னால் இந்த 4 மணி நேரம்தான் இருக்கிறது.

காத்திருக்கத் தேவையில்லை. சர்வரிலிருந்து ‘ஆர்பிங்’ கட்டளையை ‘யு’ (பெரிய எழுத்து) விருப்பத்துடன் கொடுத்தால், இந்த முகவரி இப்போது என்னிடம் இருக்கிறது என்ற அறிவிப்பு சப்நெட் முழுவதற்கும் செல்லும். கையால் ‘ஐபி அட்ரஸ் ஆட்’ கொடுக்கும்போது இந்த அறிவிப்பு தானாகப் போய்விடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அறிவிப்புக்குப் பின் ‘பிங்’ கட்டளையின் ‘ஐ’ (இதுவும் பெரிய எழுத்து) விருப்பத்தில் 192.0.2.20 ஐக் கொடுத்துக் கேட்வேயை அழைத்துப் பார்க்கவும். பதில் வந்தால், கேபிளும் விஎல்ஏஎன்னும் ரூட்டரின் அட்டவணையும் சரி என்று ஒரே அடியில் உறுதியாகிறது. சில கேட்வேகள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். முதன்மை முகவரியிலிருந்தும் ஒருமுறை அழைத்து ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

முகவரி ரூட் செய்து அனுப்பப்படும் வகை என்றால், ரூட்டர் அதற்காக ஆர்ப் கேள்வி கேட்காது. இந்தப் படியில் எதுவும் தெரியாததை அப்போது பழுதாகக் கருத வேண்டாம்.

5. பாக்கெட் வந்து சேர்கிறதா என்று கண்ணால் பார்த்தல்

இந்தப் படியில் செலவிடும் பத்து நிமிடம் மற்ற எல்லாப் படிகளிலும் ஊகத்தை ஒழித்துவிடுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சர்வரில் ‘டிசிபிடம்ப்’ கட்டளையை, பெயர்களை எண்களாகவே காட்டும் ‘என்’ விருப்பத்துடன், இன்டர்ஃபேஸ் ‘எனி’ என்றும், வடிகட்டி ‘ஹோஸ்ட் 192.0.2.20’ என்றும் கொடுத்து ஓட விடவும். ஈத்0 என்று மட்டும் கொடுத்தால், பதில் வேறொரு கார்டு வழியாக வெளியேறுவது கண்ணில் படாமல் போய்விடும். பிறகு கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து அந்த முகவரியின் 443 போர்ட்டை (பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான எண்ணை) உலாவியில் திறந்து பார்க்கவும். இப்போது திரையில் தெரிவதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எதுவுமே தெரியவில்லை என்றால் பழுது சர்வருக்கு வெளியே இருக்கிறது. சர்வருக்குள் எதையும் மாற்றாமல் 1, 3, 4 ஆம் படிகளுக்குத் திரும்பி, தேவையானால் வழங்குநரை அழைக்கவும்.

கேட்வேயிலிருந்து ‘ஹூ ஹேஸ் 192.0.2.20’ என்ற ஆர்ப் கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்து, நம்மிடமிருந்து பதில் வரி போகவில்லை என்றால், கேள்வி வரும் கார்டு ஒன்று, முகவரி இருக்கும் இடம் வேறு என்று பொருள் கொள்ளலாம்; அல்லது ‘ஆர்ப் இக்னோர்’ என்ற கெர்னல் அமைப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள். பதில் வரி போன பிறகும் அதே கேள்வி தொடர்ந்தால், நம் பதில் கேட்வேயைச் சென்றடையவில்லை. சுவிட்சிலோ மெய்நிகர் நெட்வொர்க்கின் பாதுகாப்பு விதியிலோ அது தடுக்கப்படுகிறது.

‘எஸ்’ என்ற கொடியுடன் இணைப்புக் கோரிக்கை வந்து, சர்வர் ‘எஸ் புள்ளி’ என்று பதில் அனுப்புவது தெரிந்தும் கைபேசியில் பக்கம் திறக்கவில்லை என்றால், பதில் வழியில் தொலைகிறது: 6 ஆம் படி. ‘ஆர் புள்ளி’ என்று உடனே பதில் போனால், பாதை முழுவதும் சரி, அந்த முகவரியில் கேட்பதற்குச் சேவை எதுவும் இல்லை: 7 ஆம் படி. கோரிக்கை மட்டும் 1, 2, 4 நொடி இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வந்து, எந்தக் கார்டிலும் பதிலே தெரியவில்லை என்றால், ஃபயர்வாலோ, வந்த கார்டு வழியாகவே பதில் திரும்புமா என்று பார்க்கும் ரிவர்ஸ் பாத் சோதனையோ அதை விழுங்குகிறது: 6, 8 ஆம் படிகள்.

இங்கு ஒன்றை மறக்கக்கூடாது. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். திரையில் தெரிகிறது என்பதாலேயே ஃபயர்வால் அனுமதித்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு.

6. பதில் எந்த வழியாகத் திரும்புகிறது?

இரண்டாம் முகவரி முதன்மையோடு ஒரே சப்நெட்டில், ஒரே கார்டில் இருந்தால் இந்தப் படியில் சிக்கல் அரிது. ஒரே கேட்வே இரண்டுக்கும் போதும். வேறொரு சப்நெட்டிலிருந்து, எடுத்துக்காட்டாக 198.51.100.20 என்ற முகவரியைச் சேர்க்கும்போதும், அதை இரண்டாவது கார்டில் வைக்கும்போதும்தான் பழுது வருகிறது.

லினக்ஸ் இயல்பாகப் பதிலின் வழியைச் சேருமிட முகவரியை வைத்தே தீர்மானிக்கிறது. எந்த முகவரிக்குக் கோரிக்கை வந்தது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 198.51.100.20 க்கு வந்த கோரிக்கைக்கான பதில், 192.0.2.1 என்ற பழைய கேட்வே வழியாகவே வெளியேறும். அந்த ரூட்டர், இது என் சப்நெட்டின் முகவரி இல்லை என்று தள்ளிவிடும். இதைச் சரிபார்க்க, ‘ஐபி ரூட் கெட்’ கட்டளையில் வெளியே உள்ள ஒரு முகவரியையும், ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் 198.51.100.20 ஐயும் கொடுக்கவும். எந்தக் கேட்வே, எந்தக் கார்டு என்று அது தெளிவாகச் சொல்லிவிடும்.

இதைக் கண்டதும் பலர் இரண்டாவதாக ஒரு டீஃபால்ட் கேட்வேயைச் சேர்த்துவிடுகிறார்கள். இது சரியான மருந்து இல்லை. இரண்டில் மெட்ரிக் எண் (முன்னுரிமையைக் குறிப்பது) குறைந்ததே பயன்படும். முன்பு இரண்டாம் முகவரி ஊமையாக இருந்தது என்றால், இப்போது முதன்மை முகவரி ஊமையாகும் வாய்ப்புதான் கூடும்.

சரியான முறை, இரண்டாம் முகவரிக்கென்று தனி ரூட் அட்டவணை ஒன்றை அமைப்பது. வரிசை முக்கியம். முதலில் 100 என்ற எண்ணுள்ள அட்டவணையில் 198.51.100.0 சப்நெட்டுக்கான நேரடி ரூட்டைச் சேர்க்கவும். அடுத்து அதே அட்டவணையில் 198.51.100.1 வழியாக டீஃபால்ட் ரூட்டைச் சேர்க்கவும். கடைசியாகத்தான், ‘198.51.100.20 இலிருந்து புறப்படுவது 100 ஆம் அட்டவணையைப் பார்க்கட்டும்’ என்ற ரூலைச் சேர்க்க வேண்டும். ரூலை முதலில் போட்டால், நிரப்பப்படாத அட்டவணைக்கு அனுப்பிவிட்டு எதுவும் மாறவில்லையே என்று குழம்ப நேரிடும். நேரடி ரூட்டை விட்டுவிட்டால், பக்கத்து இயந்திரத்துக்குப் போகும் பதில்கூடக் கேட்வேயைச் சுற்றிக்கொண்டு போகும்.

இரண்டு கார்டுகள் இருந்தால் ‘ஆர்பி ஃபில்டர்’ என்ற ரிவர்ஸ் பாத் சோதனையையும் பார்க்க வேண்டும். 0 என்றால் சோதனை இல்லை, 1 என்றால் கடுமை, 2 என்றால் தளர்வு. ‘ஆல்’ என்பதன் மதிப்பு, குறிப்பிட்ட கார்டின் மதிப்பு ஆகிய இரண்டில் எது பெரிதோ அதுவே செல்லும். கார்டுக்கு மட்டும் 0 என்று போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பதற்கு இதுவே காரணம். மேலே சொன்ன ரூலைச் சரியாக அமைத்தால் கடுமையான சோதனையையும் பாக்கெட் தாண்டிவிடும் என்பதால், சோதனையை அணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

7. சேவை அந்த முகவரியில் கேட்கிறதா?

‘எஸ்எஸ்’ கட்டளையை ‘எல்டிஎன்பி’ விருப்பங்களுடன் கொடுக்கவும். 0.0.0.0 என்று இருந்தால் எல்லா முகவரிகளிலும் கேட்கிறது. 192.0.2.10 என்று மட்டும் இருந்தால், என்ஜின்எக்ஸ் (இணையதளச் சர்வர்) அமைப்பிலுள்ள ‘லிசன்’ வரியிலோ, எஸ்எஸ்எச் அமைப்பிலுள்ள ‘லிசன் அட்ரஸ்’ வரியிலோ புதிய முகவரியைச் சேர்க்க வேண்டும். சேவை தொடங்கும்போது, கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்ற பிழை வந்தால், முகவரி கார்டுக்கு வருவதற்கு முன்பே சேவை எழுந்துவிட்டது. மறுதொடக்கத்துக்குப் பிறகு மட்டும் சேவை விழுந்துகிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

8. ஃபயர்வால்

முழுவதையும் நிறுத்த வேண்டாம். விதிகளின் பட்டியலில் 192.0.2.10 என்ற சேருமிட முகவரி எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் தேடவும். பழைய முகவரியைப் பெயர் சொல்லி அனுமதித்த விதி, புதிய முகவரிக்குப் பொருந்தாது. விதிகளின் எண்ணிக்கைமானியைப் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஒருமுறை முயன்றால், எந்த விதியின் எண் ஏறுகிறதோ அதுவே பதில். கிளவுடில் வழங்குநரின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பும் உண்டு. அங்கு பிங் தடுக்கப்பட்டிருப்பது சாதாரணம் என்பதால், பிங்கை வைத்து முடிவெடுக்காமல் போர்ட்டை வைத்தே முடிவெடுக்கவும்.

9. வெளியே போகும்போது எந்த முகவரி தெரிகிறது?

கிண்டியில் உள்ள ஒரு சிறு நிறுவனம், வங்கியின் பணப்பரிமாற்றச் சேவையோடு இணைவதற்காக இரண்டாம் முகவரியை வாங்கி, அதை வங்கியின் அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் சோதனைகள் எல்லாம் தேறியும் வங்கி இணைப்பை மறுக்கும். சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்புகள் முதன்மை முகவரியிலிருந்தே புறப்படுகின்றன என்பதே காரணம்.

‘ஐபி ரூட் கெட்’ காட்டும் வரியில் ‘எஸ்ஆர்சி’ என்பதற்குப் பின் உள்ள முகவரியே வெளியே தெரிவது. ஒரு செயலிக்கு மட்டும் மாற வேண்டுமானால், அந்தச் செயலியிலேயே புறப்படும் முகவரியைக் குறிப்பிடுவது பாதுகாப்பானது. போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சர்வரில் ‘எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸ்’ என்ற வரி அதற்காகவே உள்ளது. சர்வர் முழுவதற்கும் மாற வேண்டுமானால், டீஃபால்ட் ரூட்டில் ‘எஸ்ஆர்சி 192.0.2.20’ என்று சேர்க்கலாம். மின்னஞ்சலுக்காக மாற்றுபவர்கள், புதிய முகவரிக்கு பிடிஆர் பதிவையும் (முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) வழங்குநரிடம் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அஞ்சல்கள் ஸ்பேமில் விழும்.

விண்டோஸ் சர்வரில் நிலைமை தலைகீழ். கேட்வேயின் எண்ணோடு அதிகம் ஒத்துப்போகும் முகவரியை அது தேர்ந்தெடுப்பதால், இரண்டாம் முகவரியைச் சேர்த்த மறுநொடியே வெளியே தெரியும் முகவரி மாறிவிடக்கூடும். இதைத் தவிர்க்க, முகவரியைச் சேர்க்கும்போதே ‘ஸ்கிப் ஆஸ் சோர்ஸ்’ என்பதை ட்ரூ என்று கொடுக்க வேண்டும். அது அந்த முகவரியை டிஎன்எஸ்ஸில் தானாகப் பதிவதையும் தடுக்கும்.

10. நிலைநிறுத்தலும் மறுதொடக்கச் சோதனையும்

கையால் கொடுத்த கட்டளைகள் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். எல்லாம் சரியான பிறகே அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பழுது இருக்கும்போதே எழுதினால், எது கையால் செய்தது, எது கோப்பிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

உபுண்டுவில் நெட்பிளான் கோப்பில் இரண்டு முகவரிகளையும் ஒரே பட்டியலில் எழுதவும். அந்தக் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசையை அழுத்தக்கூடாது, இடைவெளி விசையே செல்லும். பிறகு ‘நெட்பிளான் அப்ளை’ என்பதற்குப் பதில் ‘நெட்பிளான் ட்ரை’ என்று கொடுக்கவும். 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் திரும்ப முயலும் என்பதால், இணைப்பு அறுந்தாலும் மீளும் வாய்ப்பு இருக்கிறது. கிளவுட் இனிட் (கிளவுட் சர்வரை முதல்முறை அமைக்கும் கருவி) எழுதிய கோப்பை நேரடியாகத் திருத்தினால், அது பின்னர் மேலெழுதப்படலாம்; தனிக் கோப்பில் எழுதுவது நல்லது.

ரெட் ஹேட் வகைகளில் ‘என்எம்சிஎல்ஐ’ பயன்படுத்துபவர்கள், ‘ஐபிவி4 அட்ரஸஸ்’ என்பதற்கு முன் கூட்டல் குறி இருக்கிறதா என்று என்டர் விசையை அழுத்தும் முன் பார்க்கவும். கூட்டல் குறி இருந்தால் புதிய முகவரி சேர்கிறது. இல்லையென்றால் பழைய முகவரியை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 6 ஆம் படியில் தனி அட்டவணையும் ரூலும் அமைத்திருந்தால், அவற்றையும் அதே கோப்பில் எழுத வேண்டும். முகவரியை மட்டும் எழுதிவிட்டு ரூலை விட்டுவிடுவது மிக அதிகமாக நடக்கும் மறதி.

கடைசியாக, பயன்பாடு குறைந்த நேரத்தை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யவும். எழுந்தவுடன் முகவரிப் பட்டியல், ரூட் பட்டியல், ரூல் பட்டியல் ஆகிய மூன்றையும் முதல் படியில் சேமித்த கோப்போடு ஒப்பிட்டு, ‘எஸ்எஸ்’ வெளியீட்டையும் சரிபார்த்து, மொபைல் டேட்டாவிலிருந்து இரண்டு முகவரிகளையும் திறந்து பார்க்கவும். பிறகு அலுவலகத்தின் ஐபி பதிவேட்டில் 192.0.2.20 க்கு எதிரே சர்வரின் பெயர், கார்டு, மேக் முகவரி, சேர்த்த தேதி ஆகியவற்றை எழுதி, அந்த எண் டிஎச்சிபி வரம்பிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடவும்.